தாய்த் தெய்வச் சிற்பங்கள் உணர்த்துவது என்ன?

(தெமட்டகொடையில் நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பகலெல்லாம் கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் புகையிரதப் பகுதியிலும் உழைத்துக் களைத்த பின்னர், வீடு செல்லாது இங்கு வந்திருக்கின்றீர்கள். அலுவல் நிமித்தம் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தலைநகர் வந்த கமக்காரர் சிலரையும் முன்வரிசையிற் காண்கின்றேன்.

இம்மண்டபத்துள் நுழைந்தபோது வாயிலில் ஒரு பொருளைக் கண்டிருப்பீர்கள். தலைவாழையிலையிற் பரப்பிய நெல், நெல்லின்மேல் நீர் நிறைந்த குடம், குடத்தின் வாயில் மாவிலை, மாவிலை நடுவே தேங்காய், இருமருங்கும் குத்துவிளக்கு. நிறைகுடம் என்கின்றோம். அதனை வைத்த பிள்ளைகளிடம், "இஃது எதற்கு?" என்று வினவினேன். "மங்களத்துக்கு" என்றார்கள். மங்களம் என்றால் என்ன என்று மீண்டும் வினவியபோது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் குடும்பத்தாருடன் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளை நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பார்வதி தேவியின் திருவுருவத்தின் முன் நாங்கள் வந்ததும், நண்பர் பிள்ளைகளின் தோளைப் பற்றி அடுத்த அறைக்கு விரைவாக அழைத்துச் சென்றுவிட்டார். அவர் கற்றவர், சைவர், வெள்ளிக்கிழமை தவறாது கோயிலுக்குச் செல்பவர். பட்டுடுத்தி மாலை சூடிய அம்பாளைக் கும்பிடக் கூசாதவர், அதே அம்பாளைச் சிற்பி வார்த்த வடிவிற் கண்டபோது கூசினார். இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? இதுவே இன்றைய என் பேச்சின் தொடக்கம்.

குடமும் தாமரையும்

நமது சிற்பங்களிலே தாய்த் தெய்வத்தின் மார்பு நிறைந்திருக்கும்; இடை சிறுத்திருக்கும்; இடையின் கீழ்ப் பகுதி அகன்றிருக்கும். ஆசை காரணமாகச் சிற்பி இவ்வாறு செய்தான் என்று நினைப்பவர் சிற்பியையும் அறியார்; கமத்தையும் அறியார். அவன் வடித்தது ஒருத்தியின் உடலை அன்று. நீரையும் நிலத்தையும் பாலையும் விதையையும் ஒருங்கே காட்ட ஓர் உருவம் தேடினான். தாயின் உருவம் கிடைத்தது.

இதற்குப் பழஞ்சான்றுகள் பல. சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த அரப்பா நகரத்தில் அகழ்ந்தெடுத்த முத்திரையொன்றில், தலைகீழாகக் காட்டப்பெற்ற ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து செடியொன்று முளைத்து எழுகின்றது. சேர் ஜோன் மார்சல் 1931 இல் வெளியிட்ட நூலில் அதன் விவரம் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினதாகிய பார்கூத் தூபியின் கற்றூண்களில் மரக்கிளையைப் பற்றி நிற்கும் இயக்கியர் இருக்கின்றனர். பெண்ணின் கால் பட்டால் மரம் பூக்கும் என்பது வடநாட்டார் நம்பிக்கை. நமது கோபுர வாயிலின் இருமருங்கும் கொடியைப் பற்றி நிற்கின்றாளே கொடிப்பெண், அவள் அந்த இயக்கியரின் வழித்தோன்றலே. வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவரும் அவளைக் கடந்தே உள்ளே செல்கின்றோம்; ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இவையெல்லாம் ஒரே கருத்தின் பல வடிவங்கள் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் நம்மவர். 1877 ஆம் ஆண்டு இதே கொழும்பு மாநகரிற் பிறந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. நான் சொன்ன நூதனசாலை திறக்கப்பெற்றதும் அதே ஆண்டிலேயாம். அவர் இயக்கர் வழிபாட்டைப் பற்றி 1928 இலும் 1931 இலும் இரு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். குடமும் தாமரையும் மரமும் இயக்கியும் திருமகளும் தனித்தனிச் சின்னங்கள் அல்ல. உயிர்கள் எல்லாம் நீரிலிருந்து தோன்றுவன என்னும் பழைய எண்ணத்தின் உருவங்கள் என்று அந்நூலில் நிறுவினார். நிறைகுடம் நீரைத் தாங்கிய கருப்பை. அதன் வாயிலிருந்து எழும் தாமரை, நீரிலிருந்து எழும் உயிர். அத்தாமரையின்மேல் நிற்பவள் திருமகள். இருபுறமும் துதிக்கையால் நீர் சொரியும் யானைகள் மழைமுகில்கள்.

இப்போது வாயிலில் உள்ள நிறைகுடத்தை நினைத்துப் பாருங்கள். கீழே நெல், உள்ளே நீர், மேலே தழையும் காயும். முகமும் கையும் இல்லாத தாய்த் தெய்வம் அன்றோ அது? மங்களம் என்றால் வளம். மழை பெய்க, பயிர் விளைக, பசு கறக்க, மனை தழைக்க என்னும் வேண்டுதல். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பிய விடை இதுதான்.

இஃது இந்தியாவிலிருந்து நேற்று வந்த வழக்கமன்று. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் நீள்சதுரமான பழைய உலோகத் தகடுகள் கிடைத்துள்ளன. ஒருபுறம் தாமரையில் நிற்கும் திருமகளும் நீர் சொரியும் யானைகளும். மறுபுறம் வேலியிட்ட மேடைமேற் சுவஸ்திகம். இலக்குமி நாணயம் என்று ஆராய்ச்சியாளர் இவற்றை அழைப்பர். புத்தளத்துத் தப்போவைக் குளத்தை அண்டிய பகுதியிலும் பிற வறண்ட நிலப் பகுதிகளிலும் சுடுமண் பாவைகள் பல எடுக்கப்பட்டுள்ளன. பெண்ணுருவங்களும் விலங்குருவங்களும் அவற்றுள் உண்டு. மழையும் விளைவும் வேண்டிச் செய்த கிராமச் சடங்குகளோடு அவற்றைத் தொடர்புபடுத்துவர் அறிஞர். அநுராதபுரத்துக் காவற்கல்லில் நாகராசன் கையில் ஏந்தி நிற்பதும் நிறைகுடமே. சிங்கள மக்கள் அதனைப் புன்கலசம் என்பர். மொழி வேறு, மதம் வேறு, குடம் ஒன்று. மழைக்கு முகம் பார்த்து வாழும் மக்கள் யாவருக்கும் பொதுவான தெய்வம் அவள்.

மொழி தரும் சான்று

சிற்பத்தை நம்பாதவர் தம் தாய்மொழியையாவது நம்ப வேண்டும். கருவுற்ற பெண்ணைச் சூலி என்கின்றோம். நீர் கொண்ட மேகம் சூல்முகில். கதிரை உள்ளே பொதிந்து நிற்கும் நெற்பயிரும் சூல்கொண்ட பயிரே. தாய் பிள்ளையை ஈன்றாள்; பசு கன்றை ஈன்றது; வாழை குலையீன்றது; பயிர் கதிரீன்றது. பெண்ணுக்கும் பசுவுக்கும் பயிருக்கும் முகிலுக்கும் ஒரே சொல் வழங்கும் மக்கள், அந்நான்கையும் ஒரே உருவில் வடித்ததில் வியப்பென்ன?

இன்னும் கேளுங்கள். கோயிலில் மூலமூர்த்தி எழுந்தருளியிருக்கும் இடத்துக்கு நாம் இட்ட பெயர் கருவறை. இருண்ட, சிறிய, சன்னல் இல்லாத அறை. அதனை அரியணை மண்டபம் என்று அழைக்கவில்லை. கரு தங்கும் அறை என்றே அழைத்தோம். திருமணத்திலும் திருவிழாவிலும் முளைப்பாலிகை இடுகின்றோம். நவராத்திரியிற் கும்பத்தைச் சூழ நவதானியம் முளைக்க வைக்கின்றோம். சோழநாட்டு மக்கள் ஆடி மாதத்திற் பெருகிவரும் காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாகவே எண்ணிச் சித்திரான்னம் படைக்கின்றனர். தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரில் அம்பிகைக்குப் பெயரே கருக்காத்தநாயகி. சைவத் தமிழன் தன் வாழ்வில் வளத்தை மறைத்து வைக்கவில்லை. கோயிலின் நடுவிலேயே வைத்தான்.

இலண்டனிற் பூட்டிய அறை

பின்னர்க் கூச்சம் எவ்வாறு வந்தது?

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையோரத்திற் கிடைத்த ஒரு திருவுருவம் இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. பொன்முலாம் பூசிய வெண்கலம். ஏறக்குறைய 143 சதமமீற்றர் உயரம். எட்டாம் நூற்றாண்டினது என்பர். பௌத்தர் வழிபட்ட தாரா தேவி அவள். முன்னொருகாற் பத்தினித் தெய்வம் என்று கருதப்பட்டவள். 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் அதனைக் கொண்டு சென்று, 1830 ஆம் ஆண்டு அந்நூதனசாலைக்குக் கொடுத்தார்.

அங்கே அவளுக்கு நேர்ந்தது என்ன? இடைக்கு மேல் ஆடையின்றி, நிறைந்த மார்போடு நிற்கும் தெய்வத்தைப் பொதுமக்கள் பார்ப்பது தகாது என்று கருதி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவளைக் காட்சிக்கு வைக்காது பூட்டி வைத்தனர். அறிஞர் சிலர் மட்டுமே பார்க்கலாம். கிரேக்க நாட்டு ஆடையில்லாச் சலவைக்கற் சிலைகளைக் கலையென்று போற்றியவர்களுக்கு நமது தெய்வம் வெட்கக்கேடாகத் தோன்றியது. பின்னர் அந்த அறை திறக்கப்பட்டது. இன்று உலகத்தார் அவள் முன் நின்று வியக்கின்றனர். ஆனால் அன்று இலண்டனிற் போட்ட பூட்டின் திறப்பை நம்மவர் பலர் இன்னும் தம் மடியில் முடிந்து வைத்திருக்கின்றனர். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அழைத்துச் சென்ற என் நண்பர் தம் கண்ணால் அம்பாளைப் பார்க்கவில்லை. அக்காலத்து ஆங்கிலேயரின் கண்ணாற் பார்த்தார்.

நமது முன்னோர் அவ்வாறு பார்த்ததில்லை. சீகாழித் திருக்குளக் கரையில் அழுத குழந்தைக்கு அம்பிகை ஊட்டிய பாலை நாம் ஞானப்பால் என்கின்றோம். தேவாரம் பிறந்ததே அப்பாலினால் என்று பெரியபுராணம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்பிகையின் திருமார்பு ஞானத்தின் ஊற்று என்று கொண்ட சமயத்தவனுக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கின்றது? பொலன்னறுவையில் 1907 ஆம் ஆண்டையொட்டிச் சிவன் கோயில் இடிபாடுகளிலிருந்து இத்திருமேனிகள் வெளிப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றின் சமயப் பொருளை விளக்கி எழுதினார். குமாரசுவாமியும் 1914 இல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். அவ்விருவரும் ஆங்கிலம் கற்றவர்களே. ஆயினும் தம் தாயைப் பார்க்க அந்நியரின் கண்ணைக் கடன் வாங்கினார்களல்லர்.

1950 ஆம் ஆண்டு திருகோணமலையிற் கிணறு தோண்டிய இடத்தில் சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்பிகையும் வெளிப்பட்டதை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் அடியவர்கள் புதைத்துக் காத்த திருமேனிகள் என்று அவற்றைக் கொள்வர். திருப்பணி நிறைவேறி 1963 இற் குடமுழுக்கு நடைபெற்றது. தண்ணீர் தேடித் தோண்டியவர்களுக்குத் தாயும் கிடைத்தாள். அந்த ஊர் மக்கள் அவள் வடிவைக் கண்டு கூசவில்லை, கைகூப்பினர்.

மூத்தவள் மூதேவியான கதை

இதுவரை அந்நியர் செய்த பிழையைச் சொன்னேன். இனி நாமே செய்த பிழையைச் சொல்லப் போகின்றேன். அது முன்னதினும் பெரிது.

பிள்ளையைக் கோபத்தில் ஏசும்போது, "மூதேவி!" என்கின்றோம். யார் இந்த மூதேவி? மூத்த தேவி, திருமகளுக்கு மூத்தவள். பாற்கடல் கடைந்தபோது அவளுக்கு முன்னே தோன்றியவள் என்பது புராணம். வடமொழியில் ஜேஷ்டை, தமிழிற் சேட்டை, தவ்வை. திருவள்ளுவரும் அவளைத் திருமகளின் தவ்வை என்றே குறித்தார்.

அவளுக்குத் தமிழ்நாட்டிற் கோயில் இருந்தது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் உண்டு. மதுரைக்கு அண்மையில் உள்ள திருப்பரங்குன்றக் குடைவரையிலும் உண்டு. அக்குடைவரையில் 773 ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, பாண்டியன் அமைச்சன் சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததைக் கூறுகின்றது. கவனியுங்கள், எடுப்பித்தவள் ஒரு பெண். செல்வம் வேண்டி மக்கள் சேட்டையை வழிபட்டனர் என்பதற்குத் தொண்டரடிப்பொடியாழ்வாரே சாட்சி. அவ்வழக்கத்தை அவர் கண்டித்துப் பாடியிருக்கின்றார். ஒருவரும் செய்யாததைக் கண்டிக்க வேண்டியதில்லை அன்றோ?

அவள் திருவுருவம் எத்தகையது? கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பாள். பெருத்த வயிறு, பாரித்துச் சரிந்த மார்பு, ஒருபுறம் எருதுமுகம் கொண்ட மகன், மறுபுறம் மகள், மேலே காகக் கொடி. இளமங்கையின் வடிவன்று அது. பல பிள்ளைகளைப் பெற்று, பாலூட்டி, உழைத்து, உடல் தளர்ந்த மூத்த தாயின் வடிவு. எருதுமுக மகனைக் காணும்போது, உழவர் குடியின் பழந்தாய் இவள் என்றே எனக்குத் தோன்றுகின்றது. நமது ஊர்களில் மாடு கட்டி, நெல் அவித்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஆச்சியைப் பாருங்கள். சேட்டையின் சாயல் தெரியும்.

அவளை என்ன செய்தோம்? சோழர் காலத்துக்குப் பின்னர் அவள் வழிபாடு அருகியது. மூத்தவள் என்ற பெயர் வசையாயிற்று. சிலைகள் பல கோயில் மதிலுக்கு வெளியிலும் குளக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடந்தன. இளைய தங்கைக்கு வீட்டு நிலையின்மேல் இடம்; மூத்த தமக்கைக்கு வாசலிலும் இடமில்லை. தாய்மையைப் போற்றத் தொடங்கிய மக்கள், தாய்மையால் தளர்ந்த உடலைத் துடக்கென்று தள்ளினர்.

ஈன்றறியாத அன்னை

அன்பர்களே, கல்லுக்கு நேர்ந்தது கல்லோடு முடிந்திருந்தால் நான் இங்கு பேச வரமாட்டேன்.

ஆந்திர நாட்டு நாகார்ச்சுனகொண்டாவில் இக்குவாகு மரபின் அரசியொருத்தி தாய்த் தெய்வச் சிலையொன்றைச் செய்வித்தாள். அதில் அவள் தன்னைக் கணவன் உயிருடன் இருப்பவள் என்றும், மக்கள் உயிருடன் இருப்பவர் என்றும் பொறித்து வைத்தாள். அவள் மகிழ்ச்சியைக் குறை கூற மாட்டேன். ஆனால் அவ்விரு சொற்களும் பிற்காலத்திற் பெண்களை அளக்கும் கோலாயின. கணவன் இருக்கின்றானா? பிள்ளை இருக்கின்றதா? இரண்டும் இருந்தால் மங்கலப் பெண். ஒன்று இல்லையேல் ஒதுங்கி நில்!

என் சொந்தத்தில் ஒரு தமக்கை இருக்கின்றார். ஆசிரியை. தம்பி தங்கையரைப் படிப்பித்து, மணம் முடித்து வைத்தவர். மணமாகிப் பல ஆண்டுகளாகியும் அவருக்குப் பிள்ளையில்லை. அண்மையில் அவர் வளர்த்த தங்கையின் மகளுக்குக் கலியாணம். மணமக்களுக்கு ஆராத்தி எடுக்க இரண்டு பெண்களை அழைத்தார்கள். அருகில் நின்ற தமக்கை, ஒருவரும் ஒன்றும் சொல்லுமுன்னரே, தாமாகவே அடுக்களைப் பக்கம் போய்விட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. வாசலில் நிறைகுடம் இருந்தது. தாயைக் குறிக்கும் குடத்தை வாசலில் வைத்துவிட்டு, ஒரு தாயை அடுக்களைக்கு அனுப்பினோம். அன்று தொடங்கிய சிந்தனையே இன்றைய பேச்சு.

சைவர்களிடம் ஒன்று கேட்கின்றேன். உலகுக்கெல்லாம் அன்னையாகிய உமையவள் வயிற்றிற் சுமந்து பெற்ற பிள்ளை யார்? ஆண்டுதோறும் கோயில்களிற் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் நாட்டிலிருந்து வந்த நீங்கள் சொல்லுங்கள். முருகப் பெருமான் இறைவனின் நெற்றிக்கண்ணிலிருந்து தோன்றிச் சரவணப் பொய்கையில் வளர்ந்தவர். பாலூட்டியவர் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பிள்ளையாரை அம்பிகை தன் மேனி மஞ்சளிற் பிடித்து உயிர் கொடுத்தாள் என்பது வழக்கு. திருவண்ணாமலையில் அம்பிகையின் திருநாமமே உண்ணாமுலையம்மை. பிள்ளை வாய்வைத்து உண்ணாத திருமார்பினள் என்பது பொருள். ஒரு பிள்ளையையும் வயிற்றிற் சுமவாத ஒருத்தியையே நாம் உலக அன்னை என்று கும்பிடுகின்றோம். அவளுடைய நிறைந்த மார்பும் அகன்ற இடையும் பிள்ளைக் கணக்கைக் காட்டவில்லை. எல்லா உயிர்க்கும் சுரக்கும் அருளைக் காட்டுகின்றன. அதனை அறியாதவன் சிற்பத்தின் முன் கூசுவான். பெண்ணின் முன் தீர்ப்புச் சொல்வான். இரண்டும் ஒரே அறியாமை.

இன்னுமொரு சான்று, இதுவே இறுதி. பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளிடையே காரைக்காலம்மையாரும் இருக்கின்றார். நிறைந்த வடிவினளாகிய பார்வதியை வார்த்த அதே மரபுச் சிற்பிகள், வற்றிய மார்பும் எலும்பு தோன்றும் மேனியுமாக அவரை வார்த்தனர். கணவன் பரமதத்தன் பிரிந்து சென்று பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து மகளும் பெற்றான், புனிதவதியாருக்குப் பிள்ளையில்லை. தன் உடல் வனப்பை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். ஊரார் கண்ணில் வாழாவெட்டி. ஆனால் கயிலையிலே தலையால் நடந்து வந்த அவரைக் கண்டு, தாயும் தந்தையும் இல்லாத இறைவன் அழைத்த பெயர், அம்மை!

எனவே நமது சமயமும் சிற்பமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. வளம் என்பது நிலத்துக்கும் நீருக்கும் கருணைக்கும் உரியது. அதனைப் பெண்ணின் வயிற்றில் வைத்து அளக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! இரண்டு வேண்டுகோள்களுடன் அமைகின்றேன். விடுமுறை நாளொன்றிற் பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அம்பிகையின் முன் நிறுத்தி, இவள் மழை, இவள் வயல், இவள் பால், இவள் நம் தாய் என்று கூச்சமின்றிச் சொல்லிக் கொடுங்கள். அதன் பின் காரைக்காலம்மையாரைப் பற்றியும் சொல்லுங்கள்.

மற்றையது இதனினும் எளிது, இதனினும் அரிது. அடுத்த முறை உங்கள் வீட்டு வாயிலில் நிறைகுடம் வைக்கும்போது, சத்தமின்றி அடுக்களைப் பக்கம் ஒதுங்கும் பெண் எவரேனும் உண்டா என்று பாருங்கள். அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து, ஆராத்தித் தட்டை அவரிடம் முதலிற் கொடுங்கள். என் தமக்கைக்கு நான் அன்று செய்யத் தவறியது அது. நீங்கள் தவறாதீர்கள்.